மேஸ்திரியிடம் பந்து எடுத்தவர்கள்

அந்த மனிதனை எனக்குப் பிடிக்காது. அவன் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் பிடிக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். நானும் தேடிப் பார்த்தேன். ஒன்றரை வார்த்தை தேறியது, அதைப் பிறகு சொல்கிறேன். அவன் பெயரை எழுதப் போவதில்லை. பேரன் பேத்திகள் ஆம்பூரில்தான் இருக்கிறார்கள், அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் அவன் மேஸ்திரி, தோல் டேனரியில் ஆட்களை வேலை வாங்குகிறவன். 'அவர்' என்று மரியாதையாக எழுதலாமே என்று பார்த்தேன். கை வரமாட்டேன் என்கிறது.

வெள்ளைக்காரன் காலம். என்னை ஆம்பூர் ஸ்டேஷனுக்குக் கூட்ஸ் குமாஸ்தாவாக மாற்றியிருந்தார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. டேனரிகளிலிருந்து பதனிட்ட தோல் கட்டுகட்டாக மாட்டு வண்டியில் வந்து இறங்கும். அதை எடை போட்டு, சீட்டு எழுதி, சென்னைக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிடுவது என் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கட்டும் வராது. டேனரி முதலாளிகள் முக்கால்வாசிப் பேர் சாயபுமார்கள். ஜும்மா தொழுகை நாள் என்பதால் டேனரிக்கு அன்றுதான் வார விடுமுறை. கூட்ஸ் ஷெட்டில் ஈ ஓட்டிக்கொண்டு உட்காரப் பிடிக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலாற்றுப் பக்கம் நடந்து போனேன்.

ஆற்றில் தண்ணீர் கிடையாது. மணல்தான். அந்த மணலில் டேனரி ஆட்கள் சிலர் பக்கத்துக்கு ஐந்து பேராகப் பிரிந்து பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் என் வயது இருக்கும், இல்லாவிட்டால் கூடவே இருக்கும். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்கக் குலுங்க ஓடினார்கள். இரண்டு கல்லை நட்டு அதுதான் கோல் என்று வைத்திருந்தார்கள். பந்து டேனரியிலேயே துண்டுத் தோலைச் சேர்த்துத் தைத்தது. ஒரு பக்கம் புடைத்திருக்கும், உதைத்தால் அந்தப் பக்கமாகவே இழுக்கும்.

வேலூரில் படித்த காலத்தில் நான் பந்து ஆடியவன். சும்மா ஆடியவன் இல்லை. பரீட்சையில் கோட்டைவிட்டதற்குப் பந்துதான் காரணம் என்று என் அப்பா புளியமிளாறு எடுத்து விளாசுகிற அளவுக்கு ஆடியவன். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வந்தார்கள், பந்தை மறந்தே போனேன். அன்றைக்கு மணலில் பந்து தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டதும் கால் தானாக மணலில் இறங்கிவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். நானும் வரலாமா என்று கேட்டேன்.

அப்போதுதான் அவன் முன்னால் வந்தான். ஐம்பதைத் தாண்டிய ஆள். குட்டை. கழுத்து என்று ஒன்று தனியாகத் தெரியாது. எவனோ பட்டாளத்துக்காரன் போட்டுக் கழித்த காக்கி நிஜார் போட்டிருந்தான். ஒரு வார்த்தை பேசாமல் என் தலையைப் பிடித்துக் குனியவைத்து, முடியை விலக்கி விலக்கிப் பார்த்தான். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி.

"நரை கீது. வரலாம்" என்றான்.

அது அவன் போட்ட சட்டம். தலை நரைக்காதவன் அந்த ஆட்டத்துக்குள் வரக்கூடாது. இளவட்டப் பையன்கள் வந்து கேட்டால், "இது பெரிய மனுஷங்க ஆட்டம்டா, நீங்க போய் கில்லி ஆடுங்க" என்று விரட்டுவான். வயசான ஆட்கள்மேல் கரிசனம் போலிருக்கிறது என்று நான் முதலில் நினைத்தேன். கரிசனமும் இல்லை, மண்ணும் இல்லை. இளவட்டம் உள்ளே வந்தால் இவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதற்குத்தான் அந்தச் சட்டம்.

முதல் நாளே எனக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டது. அவன் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். வேகமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. வழியில் நின்ற இரண்டு பேர் மணலில் கால் புதைந்த மாதிரி தள்ளாடி விலகிக்கொண்டார்கள். புதிதாக வந்தவனுக்கு என்ன தெரியும். நான் குறுக்கே போய்க் காலை நீட்டிப் பந்தைத் தட்டி எடுத்தேன். நேரே கொண்டுபோய் இரண்டு கல்லுக்கும் நடுவில் உதைத்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகு நான் போட்ட கோல். சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தால், என் பக்கத்து ஆட்களே எழவு வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறார்கள்.

அப்போதும் மேஸ்திரி பக்கம்தான் ஒரு கோல் முன்னால் இருந்தது. அவன் நிதானமாக நடந்து போய்ப் பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "இன்னிக்குப் போதும். வெளிச்சம் கம்மி" என்றான். வெயிலில் கண் கூசிக்கொண்டிருந்தது. எல்லோரும் மறுபேச்சில்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

கரையேறும்போது இஸ்மாயில் என்பவன் என்னோடு நடந்து வந்தான். டேனரியில் தோலைக் கட்டாகக் கட்டுகிற ஆள். சனிக்கிழமைதோறும் வண்டியோடு கூட்ஸ் ஷெட்டுக்கு வருவதால் எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

"கூட்ஸ் சார், நீங்க குடுத்து வெச்சவரு. உங்களுக்குச் சனிக்கிழமை கெடையாது. எங்களுக்கு இருக்குது" என்றான்.

"புரியறாப்ல சொல்லுங்க பாய்."

அவன் சொன்னது இதுதான். சனிக்கிழமை காலையில் மேஸ்திரி டேனரி வாசலில் நின்று அந்த வாரத்துக்கு ஆள் பிரிப்பான். விரலை நீட்டி நீட்டி, நீ கொட்டகை, நீ பட்டை, நீ குழி என்பான். கொட்டகை என்றால் தோல் காயப் போடுகிற இடம். நிழல், காற்று, கால் காய்ந்தபடி நிற்கலாம். பட்டை என்றால் ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டி. கை சிவந்து போகும், மற்றபடி குற்றமில்லை. குழி என்றால் சுண்ணாம்புக் குழி. மயிர் உதிர்வதற்காகப் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார்கள். அதில் இறங்கி நின்று புரட்ட வேண்டும். ஒரு வாரம் நின்றால் கால்விரல் இடுக்கெல்லாம் அரித்துப் புண்ணாகிவிடும்.

"வெள்ளிக்கெழமை மேஸ்திரி கால்ல இருந்து பந்த எடுத்தவன் சனிக்கெழமை குழில நிப்பான். பாஸ் குடுத்தவன் கொட்டகைல இருப்பான். யாரும் வாயால சொன்னது கெடையாது சார். ஆனா தப்பாம நடக்குது."

"அப்ப நீங்கள்லாம் வேணும்னே விடறீங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?"

இஸ்மாயில் நின்று சிரித்தான். "அதான் சார் பேஜாரு. அவருக்குத் தெரியாது. அவரு ஆட்டத்தப் பாத்து நாங்க மெரண்டு போறோம்னு நெனச்சுக்கினு கீறாரு. பந்த எடுத்தவன் முரட்டு ஆட்டம் ஆடறான், முரட்டு ஆளுக்கு முரட்டு வேலதான் ஒத்து வரும், அவ்ளோதான் அவரு கணக்கு."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு ஆள் இருப்பானா? ஊரையே பயமுறுத்தி வைத்திருக்கிறான், பயமுறுத்துகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை. தெரிந்தே செய்கிற அயோக்கியனை நான் சகித்துக்கொள்வேன். அவனோடு சண்டையாவது போடலாம். இவனை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தால் என் மனைவி கதவருகிலேயே மூக்கைப் பொத்தினாள். "நாப்பது வயசுக்கு மேல இன்னாத்துக்கு இந்தக் கூத்து? ஆத்து மணல்ல பொரண்டதுமில்லாம தோல் நாத்தம் வேற. துணிய நீங்களே தோச்சுக்குங்க" என்றாள். மறுநாள் கக்கூஸில் உட்கார்ந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். தொடை இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. ஒன்று, பந்து. இன்னொன்று, அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும். எது பெரிது என்று கேட்டால் இரண்டாவதுதான்.

அதற்குப் பிறகு நான் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை. போவேன், அவன் பந்தோடு வருவான், பிடுங்குவேன். என்னைக் குழியில் இறக்க அவனால் முடியாது. அதனால் முழங்காலுக்குக் கீழே உதைத்துப் பார்த்தான். என் முன்னெலும்பில் இன்றைக்கும் மேடு இருக்கிறது, தடவிப் பார்க்கலாம். பிறகு வேறு வழி கண்டுபிடித்தான். சனிக்கிழமை கூட்ஸ் ஷெட்டைச் சாத்துகிற நேரம் பார்த்து வண்டிகளை அனுப்புவான். நான் சாப்பாட்டை ஆறவிட்டுவிட்டு அவன் கட்டுகளை எடை போட்டுக்கொண்டிருப்பேன். ஆற்றில் என்னைப் பார்த்தால் மற்றவர்களிடம் சொல்வான்: "கூட்ஸ் சாரு படிச்சவரு. எழுத்து வேல நல்லா செய்வாரு. ஆட்டம் மட்டும் தெரியாது, பாவம்."

அவனுக்கு ஆட்டம் தெரியும் என்பதில் அவனுக்கு இருந்த நம்பிக்கையை நான் வேறு எந்த மனிதனிடமும் பார்த்ததில்லை. சின்ன வயதில் வேலூர்க் கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு ஆடினானாம். ஒரு சோல்ஜர் இவன் முதுகில் தட்டிக் கொடுத்தானாம். அந்தத் தட்டலை இவன் ஆயுசுக்கும் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் மணலில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பான். "பந்துக்கு என்னைத் தெரியும்டா. அதுவா என் கால தேடி வருது, நீங்க பாத்தீங்க இல்ல?" என்பான். பந்து எப்படி வராமல் இருக்கும்? எதிர்ப் பக்கத்து ஆட்களும் அவனுக்குத்தானே தள்ளிவிட்டார்கள். "டேய் இஸ்மாயிலு, நான் வந்தப்ப நீ ஏன்டா மலைச்சுப் போய் நின்ன?" என்று கேட்பான். "உங்க வேகம் புரியல மேஸ்திரி" என்பான் இஸ்மாயில், முகத்தில் ஒரு கோணல் இல்லாமல். எனக்கு மணலை வாரி இரண்டு பேர் வாயிலும் போடலாம்போல் இருக்கும்.

ஆட்டம் எப்போது முடியும் என்பதும் அவன் கையில்தான். அவன் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தால் வெளிச்சம் ஜாஸ்தி இருக்கும், இருட்டுகிற வரைக்கும் ஆட வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்தால் உடனே வெளிச்சம் கம்மியாகிவிடும். அவன் கோலில் நிற்கும்போது இரண்டு கல்லும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்திருக்கும். கேட்டால், "மணல் தள்ளினு வந்துடுச்சு" என்பான்.

இப்போது அந்த ஒன்றரை வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மழை பெய்து மணல் இறுகியிருந்த ஒரு நாள், பட்டை இடிக்கிற ஆள் ஒருத்தன் கால்மேல் இவன் முழு உடம்போடு விழுந்தான். அந்த ஆளுக்குக் கால்விரல் ஒடிந்து கோணிக்கொண்டது. "உனக்கு எலும்பு வீக்குடா" என்று இவன் அவனையே திட்டினான். திட்டிக்கொண்டே அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பேரணாம்பட்டு ரோட்டில் இருந்த எலும்பு வைத்தியர் வீடு வரைக்கும் இறக்காமல் நடந்தான். வழி முழுக்க அவன் அம்மா அப்பா யாரையும் விட்டு வைக்கவில்லை. கால் கூடுகிறவரை அவனை வாசலில் காவலுக்கு உட்காரவைத்தான், கூலியில் கைவைக்கவில்லை. அவ்வளவுதான். இரண்டு முழு வார்த்தை என்று நான் எண்ணவில்லை, ஏனென்றால் விரலை ஒடித்ததும் அவன்தானே.

எங்களில் உண்மையாகவே ஆட்டம் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். முனிசாமி. இளவயதில் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். அங்கே சுரங்கத்து ஆட்கள் பந்து என்றால் உயிரை விடுவார்கள். அவர்களோடு ஆடி வளர்ந்த கால். ஆம்பூருக்கு வந்து டேனரியில் சேர்ந்தான். வந்த புதிதில் மேஸ்திரியிடம் பந்தை எடுத்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வாரக் கணக்கில் குழியில் நின்றான். நான் அவனைப் பார்த்தபோது இடது கால் விரல்களெல்லாம் அரித்து, பாதம் வீங்கி, எப்போதும் துணி சுற்றியிருக்கும். வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தான். இனி ஒரு தடவை அந்தக் கால் சுண்ணாம்பில் பட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஸ்திரியிடம் சொல்லி அழுதிருக்கிறான். "பாக்கலாம் போ" என்றானாம் அவன்.

துணி சுற்றிய காலோடு முனிசாமி வெள்ளிக்கிழமை தவறாமல் ஆற்றுக்கு வந்தான். ஓரமாக நிற்பான். பந்து தன் பக்கம் வந்தால் மேஸ்திரிக்குத் தள்ளிவிடுவான்.

"இந்தக் காலோட ஏன்யா வர்ற? வீட்ல கெடக்கறதுதானே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மணல் ஒண்ணும் பண்ணாது சார். வராம இருந்தா அவரு என்ன மறந்துடுவாரு. மறந்தாருன்னா, சனிக்கெழமை கை போற போக்குல என்னையும் குழிக்குக் காட்டிடுவாரு. எதுக்க நின்னு பாஸ் குடுத்துக்கினு இருந்தா கொட்டகைல வுட்டு வெப்பாரு. கால் போச்சுன்னா அப்புறம் எனக்கு யாரு சார் வேல குடுப்பாங்க? மூணு பொட்டப் புள்ளைங்க இருக்குது."

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முனிசாமி என் பக்கம் ஆடினான். மேஸ்திரி பந்தை உருட்டிக்கொண்டு அவனை நோக்கி வந்தான். முனிசாமி வழக்கம்போல் விலக வேண்டியவன். என்ன ஆயிற்றோ, அவன் உடம்பு கேட்கவில்லை. நல்ல கால் மணலில் ஊன்றியது, புண் கால் பாம்பு மாதிரி நுழைந்து பந்தை இழுத்துக்கொண்டது. அவன் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் போனான். மேஸ்திரி காற்றை உதைத்து மல்லாக்க விழுந்தான். அப்படி ஒரு அழகை நான் பாலாற்றில் பார்த்ததே இல்லை. முனிசாமிக்கு எதிரில் கோல் காலியாகக் கிடந்தது. அவன் அதற்குள் விழித்துக்கொண்டவன்போல் நின்றுவிட்டான். பந்தை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்து மேஸ்திரியைத் தூக்கினான்.

"தெரியாம எடுத்துட்டேன் மேஸ்திரி. மன்னிச்சுக்குங்க. இனிமே எடுக்க மாட்டேன்."

வேறு ஊரில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? பந்து ஆட்டத்தில் பந்தை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். மேஸ்திரி எழுந்து நிஜாரைத் தட்டப் போனவன், தட்டவில்லை.

"தெரியாம எடுத்தியா? அப்ப இத்தினி நாளா தெரிஞ்சே வுட்டியா?"

முனிசாமி தலையைக் குனிந்துகொண்டான். மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "டேய் இஸ்மாயிலு, நீயும் வுட்டியா?" இஸ்மாயில் ஆற்றின் அக்கரையைப் பார்த்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினான். "கூட்ஸ் சார், நீங்க சொல்லுங்க."

நான் எத்தனை மாதமாகக் காத்திருந்தேன். "எல்லாருந்தான் மேஸ்திரி. உங்க ஆட்டத்தப் பாத்து ஒருத்தரும் ஒதுங்கல. சனிக்கெழமை காலைல நீட்டறீங்களே வெரல், அதப் பாத்து ஒதுங்கறாங்க. உங்களுக்கு ஆட்டமே வராது. இந்த ஆத்துல அது தெரியாத ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றேன். சொல்லும்போது வாய் இனித்தது. சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

அவன் முகம் எப்படி ஆயிற்று என்று வர்ணிக்க எனக்கு இஷ்டமில்லை. பந்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கரையேறிப் போய்விட்டான். முனிசாமி அப்படியே மணலில் உட்கார்ந்து, துணி சுற்றிய காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "போச்சு சார். என் காலு போச்சு" என்றான்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் கூட்ஸ் ஷெட்டில் வண்டிக்காகக் காத்திருந்தேன். வண்டி அன்றைக்குப் பார்த்து நேரத்தோடு வந்தது. ஆனால் இஸ்மாயில் வரவில்லை, வேறு ஆள் வந்தான்.

"பாய் எங்க?"

"குழில எறக்கிட்டாரு சார் மேஸ்திரி."

"முனிசாமி?"

"கொட்டகைல கீறான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் இஸ்மாயில் வீட்டுக்கே போனேன். அவன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் நடந்ததைச் சொன்னான். மேஸ்திரி வாசலில் நின்றபோது கண் சிவந்திருந்ததாம். "இத்தினி வருஷமா என்ன ஏமாத்துனவன் அத்தன பேரும் குழில எறங்குங்கடா. ஒருத்தன்தான் ஆம்பளையா பந்த எடுத்தான், அவன் கொட்டகைக்குப் போவட்டும். இனிமே எவன் நெஜமா ஆடறானோ அவனுக்குத்தான் கொட்டகை" என்றானாம். வெள்ளிக்கிழமை ஆற்றுக்கு வராத ஆட்களுக்குப் பட்டைத் தொட்டி.

"அப்ப வர்ற வெள்ளிக்கெழமை?" என்று கேட்டேன்.

இஸ்மாயில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "வந்து பாருங்க சார்."

போய்ப் பார்த்தேன். பந்து நடுவில் வைக்கப்பட்டதுதான் தாமதம், டேனரி ஆட்கள் எல்லோரும் மேஸ்திரிமேல் பாய்ந்தார்கள். அவன் பக்கத்து ஆட்கள்கூட அவனிடமிருந்தே பிடுங்கினார்கள். பந்து எங்கேயோ கிடக்க, அவன் காலைத் தேடித் தேடி உதைத்தார்கள். குழியில் ஒரு வாரம் நின்ற ஆட்கள், கால் அரிப்பெல்லாம் சேர்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். இஸ்மாயில் ஒரு தடவை அவனை இடித்துத் தள்ளிவிட்டு, "பாத்தீங்களா மேஸ்திரி, நான்தான் எடுத்தேன்" என்று பெயர் பதிவு செய்துகொண்டான். முனிசாமிகூட ஓரத்திலிருந்து வந்து இரண்டு தடவை பந்தை எடுத்தான். எடுத்துவிட்டு, மேஸ்திரி பார்த்தானா என்று திரும்பிப் பார்த்தான். எல்லோரும் சனிக்கிழமைக்காகத்தான் ஆடினார்கள். முன்பு விட்டுக்கொடுத்தார்கள், இப்போது பிடுங்கினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மடையனுக்கு அது தெரியவில்லை. மூக்கில் மணல், முழங்காலில் ரத்தம், நிஜார் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. விழுந்து விழுந்து எழுந்தான். ஒவ்வொரு தடவை எழும்போதும் அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. "சபாஷ்டா. அப்படித்தான்டா" என்றான். ஒரு கோல்கூட அவனால் போட முடியவில்லை. அவன் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தது, வெளிச்சம் பாக்கி இருந்தது, அவனாகவே ஆட்டத்தை முடித்தான். எனக்குத் தெரிந்து முதல் தடவை.

முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். மூச்சு வாங்கியது. என் தோளில் கையை வைத்தான். முதல் நாள் தலையில் நரை பார்த்ததை விட்டால், அதுவரை அவன் என்னைத் தொட்டது உதைக்கத்தான்.

"இன்னிக்கு ஒருத்தனும் வுடல இல்ல, கூட்ஸ் சார்? நெஜமா ஆடுனானுங்க இல்ல? மத்தவங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க. நீங்க என் கைக்குக் கீழ இல்ல, உங்களுக்கு எங்கிட்ட ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. பொய் சொல்ல மாட்டீங்க."

எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. இன்றைக்கும் எல்லாம் உன் விரலுக்குத்தானடா, சாகிறவரை உன்னோடு ஒருத்தனும் நிஜமாக ஆடமாட்டான் என்று சொல்லியிருந்தால், அன்றோடு அவன் தொலைந்திருப்பான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் தோளுக்குப் பின்னால் முனிசாமி நின்றுகொண்டிருந்தான். காலில் புதுத்துணி சுற்றியிருந்தது. ஒரு வாரம் கொட்டகையில் காய்ந்ததில் வீக்கம் வடிந்து, பாதம் பாதமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் உண்மையைச் சொன்னால் நாளைக் காலை ஒருத்தன் பாக்கியில்லாமல் குழியில் இறங்குவார்கள், முனிசாமி முதலில் இறங்குவான். அவன் கையெடுத்துக் கும்பிடவில்லை, தலையை ஆட்டவும் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா மேஸ்திரி" என்றேன். "நெஜமாத்தான் ஆடுனாங்க. நீங்களும் நல்லா ஆடுனீங்க."

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அதோடு விட்டானா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆட்டம் முடிந்ததும் வந்து தோளில் கையை வைப்பான். "இன்னிக்கு எப்டி, கூட்ஸ் சார்?" நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னேன். சனிக்கிழமை வண்டிகள் நேரத்தோடு வந்தன. என் முன்னெலும்புக்கும் நிம்மதி. அந்த ஊரில் அவனுக்குப் பயப்படாமல் பந்து ஆடியவன் நான் ஒருத்தன்தான். அதையும் அவன் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான், பந்தை எடுக்கத் தெரியாத பயல்.

என்னை ஜோலார்பேட்டைக்கு மாற்றியபோது வழியனுப்ப எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அவனும் வந்தான். என் இடத்துக்கு வந்திருந்த புதுக் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இவர நல்லா பாத்து வெச்சுக்குங்க சார். உயிரே போனாலும் இவரு வாயில பொய் வராது." முனிசாமி எனக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்திருந்தான். காலில் துணி இல்லை, செருப்புப் போட்டிருந்தான். பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்துவிட்டு, மேஸ்திரியின் பக்கத்தில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றுகொண்டு, "ஆமா சார், நெஜந்தான்" என்றான் அந்தப் புதுக் குமாஸ்தாவிடம்.